பகுதியில் நிற்பவர்கள்

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இரண்டு சொற்களுக்கும் வேறு அர்த்தங்களும் உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிற இடம் தொகுதி, நாம் குடியிருக்கிற இடம் பகுதி. புள்ளியியலில் ஆய்வுப் பட்டம் என்பதன் வரலாற்றை யோசிக்கும்போது இந்த இரட்டை அர்த்தம் தற்செயலானது என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நோய் வந்தவர், தேறியவர், செத்தவர் எல்லாரும் கோட்டுக்கு மேலே போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் ஆய்வேடு பேசுகிறது. கீழே ஒரு மொத்த எண் நிற்கிறது. அதற்குள் ஊர் ஊராக, தெருத் தெருவாக, ஒன்றும் ஆகாத லட்சம் பேர் அடங்கியிருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் விகிதம் இல்லை. விகிதம் இல்லையென்றால் பட்டமும் இல்லை.

நான் அம்பத்தூரில் இருந்துகொண்டு புள்ளியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஆய்வு நடத்துகிறவன். பக்கத்து வீட்டில் கேட்டால் "சென்சஸ் எடுக்கிற படிப்பாப்பா?" என்பார்கள். கேலியாகச் சொல்வதில்லை, ஒரு வகையில் சரியான விளக்கமும் அதுதான். எங்கள் துறையில் எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் முதல் இயல் ஒரே மாதிரி இருக்கும். பியர்சன், ஃபிஷர், நெய்மன், பிறகு நம்ம ஊர்ப் பங்குக்கு மஹலனோபிஸ், சி.ஆர். ராவ். அறிவு ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு இறங்குவதாக ஒரு வம்சாவளி. அளக்கப்பட்ட மூக்குகளுக்கும் குத்தப்பட்ட ஊசிகளுக்கும் சளி பிடித்த குப்பிகளுக்கும் அந்த வம்சாவளியில் இடம் கிடையாது.

வம்சாவளியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1911-இல் கார்ல் பியர்சன் தலைமையில் பயன்பாட்டுப் புள்ளியியலுக்கு ஒரு துறை உருவானது. இன்றைக்கு நாம் 'புள்ளியியல் துறை' என்று சொல்கிற நிறுவனத்தின் முதல் வடிவங்களில் ஒன்று அது. அதே பியர்சன்தான் அங்கே கால்டன் பெயரிலான இனமேம்பாட்டியல் பேராசிரியர். 1925-இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே இனமேம்பாட்டியல் ஆண்டேடு. 1933-இல் அந்தப் பேராசிரியர் நாற்காலிக்கு வந்தவர் ஃபிஷர். உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்பதை எண்ணால் நிரூபிக்கும் ஆசையின் நிழலில்தான் ஒட்டுறவுக் கெழுவும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் வளர்ந்தன. 2020-இல் அந்தக் கல்லூரி கால்டன், பியர்சன் பெயர்களைத் தன் கட்டடங்களிலிருந்து எடுத்துவிட்டது. பெயர்ப்பலகை போனதே தவிர, ஆய்வேடுகளின் முதல் இயல் மாறவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மனிதர்களை நிற்கவைத்துத் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் அது ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. (அங்கேயும் 'தொகுதி'தான்.) கல்கத்தாவில் மஹலனோபிஸ் புள்ளியியலுக்குள் நுழைந்த வாசலும் இதுவே. 1920-இல் நாக்பூர் அறிவியல் மாநாட்டில் அவரைச் சந்தித்த அன்னண்டேல், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை அவரிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். இரண்டு கூட்டங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று அளக்க அவர் 1936-இல் செப்பமாகத் தந்த அளவைதான் இன்று உலகம் முழுக்க மஹலனோபிஸ் தூரம் எனப்படுகிறது. 1941-இல் ஐக்கிய மாகாணத்தில் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்து எடுத்த தரவின் மேல் மஹலனோபிஸ், மஜும்தார், ராவ் மூவரும் எழுதிய அறிக்கை 1949-இல் 'சாங்க்யா' இதழில் வந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஹடகலியில் பிறந்த ராவ், 1946-இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டது எதற்காக? சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளின் அளவுகளை ஆராய்வதற்காக. அந்த வேலையைச் செய்துகொண்டேதான் ஃபிஷரிடம் 1948-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு காலனியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் இன்னொரு காலனியின் இறந்த உடல்களை அளந்து பட்டம் வாங்கிய கதை இது. ராவின் மேதைமையைக் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. 1945-இல், 25 வயதில் அவர் எழுதிய ஒரே கட்டுரையில் இருக்கிற தேற்றங்களை இன்றைக்கும் நாங்கள் தேர்வுக்குப் படிக்கிறோம். 2023-இல் அவர் மறையும்வரை துறைக்கு அவர் பெரியவர். நான் சொல்வது, தேற்றம் ஆய்வேட்டில் நிற்கிறது, எலும்பு பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது என்பதுதான்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே முனைவர் பட்டம் வாங்கியவர் எஸ்.ஆர்.எஸ். வரதன். சென்னையில் பிறந்தவர். அப்பா பொன்னேரி போர்டு ஹைஸ்கூலில் ஆசிரியராக இருந்து தலைமையாசிரியரானவர். பொன்னேரி அன்றைக்குச் செங்கற்பட்டு மாவட்டம். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் முடித்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போன வரதனின் எண்ணம் தொழிற்சாலைப் புள்ளியியலில், அதாவது தரக்கட்டுப்பாட்டில், வேலை தேடுவது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியதிலிருந்து அறுபதுகளில் தொழிற்பேட்டை எழுந்ததுவரை அம்பத்தூர் ஆலைகளால் நிறைந்துகொண்டிருந்த காலம் அது. எண்ணப்படி நடந்திருந்தால் இங்கேயே ஒரு ஆலையில் கட்டுப்பாட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். கல்கத்தாவில் உடன் படித்த நண்பர்கள் அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துவிட்டார்கள். 1963-இல் பட்டம்; ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் ருஷ்யாவின் கொல்மோகொரோவ்; 2007-இல் ஆபெல் பரிசு. பொன்னேரியிலிருந்து ஒருவர் கோட்டுக்கு மேலே போனார். நமக்கெல்லாம் அது பெருமைதான்.

அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதும் வரலாறுதான். 1968-இல் திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரத்தில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் வேலை தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுத்து ஏறக்குறைய 3 லட்சத்து 60 ஆயிரம் பேரைப் பதிந்தார்கள். 1971-க்குள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டது. சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது சமவாய்ப்பு. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் இப்படிப் போயிற்று.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் இந்த ஊசி 80 சதவீத அளவுக்குக் காப்பாற்றியதாகத் தெரிந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை என்றது. 1999-இல் வந்த பதினைந்தாண்டு அறிக்கையும் அதையே உறுதிப்படுத்தியது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிற வேறு மைக்கோபாக்டீரியங்கள் முன்பே உடலைப் பழக்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் பிறந்தவுடன் போடுவது இன்றும் தொடர்கிறது. ஆனால் லண்டனில் நிரூபணமானது திருவள்ளூரில் நிரூபணமாக வேண்டியதில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எந்தப் பேராசிரியரின் ஊகத்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

புள்ளியியலில் இன்மை எடுகோள் என்று ஒன்று உண்டு. வித்தியாசம் இல்லை, பலன் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டு, அதைத் தரவால் உடைக்க முடிகிறதா என்று பார்ப்பது. உடைந்தால்தான் 'முடிவு வந்தது' என்பது ஆராய்ச்சி மாணவர்களிடையே இருக்கிற பேச்சு. உடையாவிட்டால் "என்னய்யா, ஒண்ணும் வரலையா?" என்பார்கள். ஆனால் சென்னை உலகத்துக்குக் கொடுத்த பெரிய முடிவுகளைப் பாருங்கள். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 200-க்கும் குறைவான ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பில் இரண்டாகப் பிரித்து, சானடோரியத்தில் வைத்தும் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்து, 1959-இல் பெரிய வித்தியாசம் இல்லை என்று அறிவித்தது. சத்துள்ள சாப்பாடும் ஓய்வும் படுக்கையும் இருந்தால்தான் பிழைப்பான் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. கூலி வேலைக்காரன் குடிசையிலேயே குணமாகலாம் என்றானது. அது ஒரு 'இல்லை'. 1979-இல் வந்தது இரண்டாவது 'இல்லை'.

மூன்றாவது அம்பத்தூரிலிருந்தே வந்தது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவான தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இப்போது அயப்பாக்கத்தில் இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்குக் குணமானவரின் பிளாஸ்மாவை ஏற்றினால் பிழைக்கலாம் என்று ஊரே அலைந்தது. தானம் கேட்டு விளம்பரம், கறுப்புச் சந்தை எல்லாம் நடந்தன. அந்த நிறுவனம் முன்னின்று 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய சோதனை, பிளாஸ்மாவால் சாவு குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை என்று காட்டியது. 2021 மே மாதம் தேசியச் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

இங்கே கோட்பாட்டு நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "தோழர், எண்ணுறதே அதிகாரம்தானே? ஃபூக்கோ சொல்லலையா?" என்று கேட்கிறார்கள். தர்ஸ்டனின் அளவுகோலைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மக்கள்தொகை என்ற ஒன்றை உற்பத்தி செய்துதான் நவீன அரசு ஆள்கிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், எண்ணப்படாமல் விடுவதும் அதிகாரம்தான் என்பது விடுபட்டுப்போகும். 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணிய கணக்கை வெளியிடாமலே சுதந்திர இந்தியா காலம் தள்ளியது. 2023-இல் பீகார் தன் கணக்கை வெளியிட்டபோது யார் பதறினார்கள் என்று பார்த்தோம். குடிசையிலேயே குணமாகலாம் என்ற 1959-ஆம் ஆண்டு முடிவும் எண்ணிக்கையால் வந்த நியாயம்தான். எண்ணுவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, கேள்வியை யார் எழுப்புகிறார்கள், விடை யாருக்குத் திரும்பிப் போகிறது என்று கேட்பதே பொருத்தம்.

இந்த இடத்தில்தான் செங்கற்பட்டு நம்மைச் சும்மா விடாது. மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்கு ஹெல்சின்கி அறிவிப்பு 1964-இல் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் அறநெறி அறிக்கையை வெளியிட்டது 1980-இல். இடைப்பட்ட காலத்தில்தான் அந்த 2 லட்சத்து 80 ஆயிரம் கைகள் நீட்டப்பட்டன. சமவாய்ப்பு, வெற்று ஊசி என்பதையெல்லாம் 1968-இல் ஒரு கிராமத்தில் எந்தச் சொற்களில் விளக்குவது? இன்றைக்கும் அதற்குச் செம்மையான தமிழ் நம்மிடம் உண்டா? அறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றின் மேல் எழுதப்படும் ஆய்வேடுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தன் உடம்பால் உலகுக்கு ஒரு 'இல்லை'யைச் சொன்ன ஊர், தான் சொன்னது என்ன என்பதைத் தன் மொழியில் படிக்க முடியாமல் இருக்கிறது.

இதில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பகுதியில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதே ரயில் பாதையில் கல்லூரிக்கு வருகிறார்கள். எம்.எஸ்சி. முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே எம்.பில். படித்து, மெதுவாக முனைவர் பட்டத்துக்கு ஏறுவது முதல் தலைமுறைக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு படிக்கட்டாக இருந்தது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில்.லை நிறுத்திய பிறகு அந்தப் படி இல்லை. கோட்டுக்குக் கீழேயிருந்து மேலே வருகிற பாதையில் ஒரு படியை எடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

ஆகவே புள்ளியியல் துறைகளுக்கு ஒரு கோரிக்கை வைக்கலாம். மக்களிடமிருந்து எடுத்த தரவின் மேல் எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வேட்டிலும் அந்தத் தரவின் வரலாறு ஓர் இயலாக வேண்டும்: யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் கேள்வியோடு, எந்தச் சம்மதத்தோடு எடுத்தது, வெயிலில் நடந்து எடுத்த களப்பணியாளர்கள் யார். தமிழில் பத்துப் பக்கம் முடிவுரை எழுதி, அந்த ஊர் நூலகத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் கைடும் வெளித்தேர்வாளரும் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டுமா என்பதையும் பேசலாம். திருவள்ளூரில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் பலர் இப்போது அறுபதும் எழுபதும் தாண்டியவர்களாக இருப்பார்கள். கேட்பதற்கு அவர்களிடம் நிச்சயம் கேள்விகள் இருக்கும்.