எழுதக் கற்பிப்பவர் யார்?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்த காலத்தில், தோட்டத்துச் சிறுவன் ஒருவனிடம் 'மழைக்காலம்' என்ற பொருளில் வியாசம் எழுதச் சொன்னால் என்ன எழுதியிருப்பான்? மேகம் கருத்தது, மயில் தோகை விரித்தது, உழவன் உள்ளம் பூரித்தது என்றே எழுதியிருப்பான். அவன் மயிலைக் கண்டவனல்லன். அவன் தந்தை ஏர் பிடித்தவருமல்லர். அவன் கண்ட மழை வேறு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரப்பட்டை நனைந்து பால்வெட்டு நிற்கும். பால்வெட்டு நின்றால் அன்றைய வரும்படியும் நிற்கும். கன்னத்தில் கைவைத்து அடுப்பருகே அமர்ந்திருக்கும் தாயின் முகமே அவனறிந்த மழைக்காலம். அதையும் எழுதலாம் என்று அவனுக்குச் சொல்வாரில்லை.

இக்குறை எப்படி நேர்ந்தது? 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலோடு சேர்ந்திருந்த தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக எண்ணப்படுகிறது. அதன்பின் எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பிறகு ரப்பர் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. தோட்டங்களில் பள்ளி என்று ஒன்று இருந்தால், பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் உபாத்தியாயர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. கட்டடம் எழுந்தது, பாடப் புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது, அதனுடன் மயிலும் உழவனும் வந்தனர். கடிதம் படிக்கவும் கையெழுத்திடவும் தெரிந்தால் கூலியின் பிள்ளைக்குப் போதும் என்பதே அக்காலத்து எண்ணம். தன் வாழ்வைத் தானே சொல்லும் ஆற்றல் அவனுக்கு வேண்டும் என்று எவர் கருதினர்?

நிற்க. இதே கேள்வியை வேறொரு நாட்டில் வேறொருவர் எழுப்பினார். ருஷியப் பேராசிரியர் என்று நாம் போற்றும் டால்ஸ்டாய், 1859இல் தமது யாஸ்னயா பொலியானா பண்ணையில் குடியானவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அந்நாட்டுப் பண்ணையடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததே 1861இல்தான் என்பதை நினைவிற் கொள்க. ஒரு நாள் பழமொழி ஒன்றைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் திகைத்தனர். தாமே எழுதத் தொடங்கிப் படித்துக் காட்டினார். அது பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. குறை சொன்னார்கள், திருத்தினார்கள். கடைசியில் சியோம்கா, ஃபெத்கா என்னும் இரு சிறுவர் சொல்லச் சொல்ல, உலகம் புகழும் ஆசிரியர் எழுத்தராக அமர்ந்து எழுதினார்! கதையில் வரும் குடியானவன் ஒருவனுக்குப் பெண்பிள்ளையின் மேலங்கியை அணிவித்தான் ஃபெத்கா. அந்த ஒரு செய்தியிலேயே ஆளின் தோற்றம் கண்முன் நிற்கக் கண்டு டால்ஸ்டாய் வியந்தார். எழுதிய தாள்களைப் பிள்ளைகள் அறியாமற் கிழித்துக் காகிதச் சேவல் செய்துவிட, கதையை மறுபடியும் எழுத நேர்ந்தது. குடியானவப் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று 1862இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டுவிட்டார்.

அவர் கையாண்ட முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. பிள்ளை கண்டதைக் கேட்டார், கேட்டதை மதித்தார், மதித்ததை அச்சேற்றினார். இம்மூன்றையும் மலாயாவில் செய்தது பள்ளிக்கூடமன்று, பத்திரிகையே. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்', 1950இல் 'கதை வகுப்பு' ஒன்றைத் தொடங்கிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசிரியர்கள். பத்திரிகைத் தாளே கரும்பலகை. தபாற்காரரே வகுப்புக்கு மணியடிப்பவர். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தவர்கள் பாடத்தைப் படித்துக் கதை எழுதிப் பழகினார்கள். கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் நடத்திய 'தமிழ் முரசு' 1950களின் முற்பகுதியில் 'மாணவர் மணிமன்றம்' என்று பிள்ளைகளுக்கே இடம் ஒதுக்கியது. அதன் பெயரால் பல ஊர்களில் மன்றங்கள் எழுந்தன. லயத்து வாசலில், சிம்னி விளக்கின் ஒளியில் எழுதிய ஒரு சிறுமி தன் பெயரை அச்சிற் கண்டபோது அடைந்த நிமிர்வை எந்தப் பரிசு தரும்?

அக்காலம் போயிற்று. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணம் புகுந்தனர். தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குமேல் இடைநிலைப் பள்ளியில் தமிழ் வேண்டுமானால் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது சட்டம். அப்படிக் கேட்டுப் பெறும் அரிய நேரத்தில் என்ன நடக்கவேண்டும்? மனப்பாடமான மாதிரிக் கட்டுரையை இறக்கிவைப்பதா? ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இலும் மூன்றாம் படிவ மதிப்பீடு 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வுக்காகத்தான் மயிலை வைத்திருந்தோம் என்றால், இனி அதை அவிழ்த்துவிடலாமல்லவா?

பதின்மூன்று, பதினான்கு வயது தன்னைத்தான் வினவத் தொடங்கும் வயது. அவ்வயதில் கண்டதைக் கண்டவாறு எழுதப் பழகியவன், பின்னாளில் தன் உரிமையைக் கேட்கவும் அஞ்சான். தன் வீட்டை எழுத வெட்கப்பட்டவனோ, பெரியவனானபின் அவ்வீட்டையே சொல்ல வெட்கப்படுவான். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, சிவப்பு மையைச் சற்றே ஒதுக்கிவையுங்கள். ஒற்றுப்பிழையைப் பிறகு திருத்தலாம். முதலில், "உன் வீட்டில் மழை பெய்தால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். வகுப்புக்குள்ளேயே ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கி அதில் அவன் பெயரைப் போடுங்கள். பெற்றோரே, பதினைந்து பேரில் ஒருவராக உங்கள் பெயரைத் தயங்காது கொடுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதிய காலம் போதும். எழுத வேண்டியவர்கள் இப்போது வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.