கோமுகத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் 18 கிலோமீட்டர். எந்தப் பயணக் கையேட்டைத் திறந்தாலும் இந்த எண்தான். போக 18, வர 18, மொத்தம் 36.

"விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினா ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்டா. ஒரு நாள் லீவ் மிச்சம்." கூட வரப்போகும் நண்பனின் கணக்கு இது. மே மாதக் கடைசியில் போவதாகத் திட்டம். அவன் சொன்னதைச் சரிபார்க்கலாம் என்று எக்செல் ஷீட்டைத் திறந்தேன். வழக்கம்போல் வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தபோது, அந்த 18 என்ற எண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கோமுகம் என்பது கங்கோத்ரி பனியாற்றின் முனை. (செய்தித்தாள்களில் பனிப்பாறை என்று எழுதுவார்கள். அது மெதுவாக நகர்கிற பனி என்பதால் எனக்குப் பனியாறு என்ற சொல்தான் பிடிக்கிறது.) சுமார் 30 கி.மீ. நீளப் பனி முடிகிற இடத்தில், அடியிலிருக்கும் குகை போன்ற வாய் வழியாகப் பாகீரதி வெளியே வருகிறாள். நம்மூர் சிவன் கோயில்களில் அபிஷேகத் தண்ணீர் கருவறையிலிருந்து வெளியே விழும் இடத்தைக் கோமுகி என்போமே, கிட்டத்தட்ட அதே பெயர். கோயிலில் இருப்பது கல், அதனால் ஆயிரம் வருஷமானாலும் அங்கேயே இருக்கும். இமயத்தில் இருப்பது பனி, அது இடம் மாறும்.

முதலில் அந்த இடத்தைத் தேடிப் போனவர்களின் கதையைப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரைபடங்களில் கங்கை திபெத்தில், கைலாச-மானசரோவர்ப் பக்கத்தில் பிறந்து, மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வரும். ஜேம்ஸ் ரென்னலின் புகழ்பெற்ற வரைபடத்திலும் அப்படித்தான். சர்வேயர் ஜெனரலாக இருந்த ராபர்ட் கோல்ப்ரூக்குக்கு இதில் நம்பிக்கை இல்லை. நேரில் போய்ப் பார்க்கத் திட்டமிட்டார், ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவருக்குப் பதிலாக 1808இல் வெப், ரேப்பர், ஹியர்சி மூவரும் போனார்கள். கங்கோத்ரியை எட்டும் முன்பே, பாதை மோசம் என்று திரும்பிவிட்டார்கள். கூட வந்த ஒரு முன்ஷியைத்தான் மேலே அனுப்பினார்கள். இருந்தாலும் போன வேலை முடிந்தது. ஆறு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை, இந்தப் பக்கத்துப் பனியில்தான் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். கங்கோத்ரிக்காரர்களுக்கு அது எப்போதோ தெரிந்த விஷயம் என்பது வேறு!

கோமுகம் வரை போன முதல் ஐரோப்பியர் கேப்டன் ஜான் ஹாட்சன். 1817, மே 31. உதவிக்கு ஜேம்ஸ் ஹெர்பர்ட். வழியில் இருந்த நாட்களில் ஒரு ராத்திரி நிலநடுக்கம் வந்து, சுற்றிலும் பாறைகள் உருண்டு விழுந்திருக்கின்றன. அதைத் தாண்டியும் மேலே போயிருக்கிறார்கள். பனிச் சுவருக்கு அடியில், தாழ்வான ஒரு வளைவிலிருந்து ஆறு வெளியே வருவதை ஹாட்சன் பார்த்தார். அங்கே கங்கையின் சராசரி அகலம் 27 அடி என்று அளந்தார். பனிச் சுவரின் உயரம் சுமார் 300 அடி என்று மதிப்பிட்டார். இடத்தின் உயரத்தைக் கடல் மட்டத்துக்கு மேல் 12,914 அடி என்று கணக்கிட்டார்.

அவர் குறிப்பில் எனக்குப் பிடித்தது ஓர் எண் இல்லாத இடம். ஆறு வெளிவரும் வாய்க்கு மேலே பெரிய பெரிய பனி விழுதுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கூட வந்த கங்கோத்ரிப் பிராமணர் அதைப் பார்த்து, மகாதேவரின் சடை என்று சொல்வது இதைத்தான் போல என்றாராம். ஹாட்சனும் அதை மதித்து எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த முக்கியமான பெயர் ஜான் ஆடன். கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. 1935இல் கோமுகத்துக்குப் போய், பனியாற்றின் முனையை முறையாக அளந்து மேப் போட்டார். பின்னால் வந்த புவியியலாளர்கள் அந்த மேப்போடு ஒப்பிட்டுத்தான் முனை எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். 1935 முதல் 1996 வரை 61 வருடத்தில் 1,147 மீட்டர். சராசரியாக வருடத்துக்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர். பிறகு வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பின்வாங்குவது நிற்கவில்லை. 2016 ஜூலையில் முனையின் முகப்பில் ஒரு பெரிய பகுதி இடிந்து விழுந்தது. அடுத்த வருடம் மேரு பக்கத்திலிருந்து சேறும் கல்லும் இறங்கி, வாயருகே ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டது.

அதாவது ஆடன் காலத்தில் போனவருக்கு நம்மைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை குறைவு. போகவர இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நாம்தான் 18 என்று எழுதி வைத்துவிட்டு, ஹார்ட்கோட் செய்த எண் மாதிரி அதை யாரும் தொடாமல் விட்டிருக்கிறோம்.

இங்கே பரங்கிமலைக்கு வந்தாக வேண்டும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இருபது நிமிடம். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது அந்த மலைக்குப் பக்கத்தில்தான். நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி வைத்து, பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, 1841இல் எவரெஸ்ட் காலத்தில் இமயமலை அடிவாரத்தைத் தொட்டார்கள். லாம்டன் அந்தச் சங்கிலிக்காக இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்று காலேஜில் சர்வே படித்தபோது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. நகரும் ஒன்றை அளக்க வேண்டுமானால் நகராத ஒரு புள்ளி கையில் இருக்க வேண்டும். ஆடனின் மேப் இல்லாவிட்டால் அந்த 1,147 மீட்டரும் இல்லை.

சரி, நம் திட்டத்துக்கு வருவோம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு எளிய விதி சொன்னார். 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர், கோமுகம் சுமார் 4,000. 18 கி.மீ.க்கு மூன்றரை மணிக்குச் சற்று மேல், 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை. ஆக ஐந்து மணி நேரம். இது ஸ்காட்லாந்தின் கெட்டிக் காற்றுக்கு. கோமுகத்தில் காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் சுமார் 62 சதவீதம்தான். நாற்பது தாண்டிய, தினமும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எங்களுக்கு ஒன்றரை மடங்காவது வைக்க வேண்டும். அப்படியென்றால் ஏழரை மணி நேரம்.

நாலு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குக் கோமுகம். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், போஜ்பாசாவுக்கும் சீர்பாசாவுக்கும் நடுவே இருக்கும் கீலா பஹாடைத் தாண்டும்போது மதியம் இரண்டு. மேலேயிருந்து கல் விழும் இடம் அது. வெயில் ஏறி ஈரம் இளகிய பிறகு கற்கள் பிடி விடும், குறுக்கே வரும் ஓடைகளிலும் தண்ணீர் ஏறும். ஒரு நாள் லீவை மிச்சம் பிடிக்க, அந்த இடத்தை இருப்பதிலேயே மோசமான நேரத்தில், இருப்பதிலேயே களைத்த காலோடு தாண்ட வேண்டும். ஷீட்டில் இந்த வரியைச் சிவப்பில் போட்டு நண்பனுக்கு அனுப்பினேன். "சரிடா" என்று மட்டும் பதில் வந்தது.

ஆக மாற்றுத் திட்டம் இது. உத்தரகாசியில் ஒரு ராத்திரி, கங்கோத்ரியில் இரண்டு ராத்திரி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. போஜ்பாசா சுமார் 3,800 மீட்டர், அதாவது ஒரே தாவலில் 700. அதனால்தான் கங்கோத்ரியில் அந்தக் கூடுதல் ராத்திரி. பிறகு 14 கி.மீ. நடந்து போஜ்பாசாவில் தங்கல். மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பி 4 கி.மீ. போய்க் கோமுகத்தைப் பார்த்துவிட்டு நேரே கங்கோத்ரி. அன்றைய நடை 22 கி.மீ. காலை ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது. கீலா பஹாடை மதியத்துக்குள் தாண்டிவிடலாம். தலைவலியோ குமட்டலோ வந்தால் மேலே ஏறுவதில்லை. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே. தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி என்பதால் அதை முன்பே வாங்கிவிட வேண்டும்.

பயிற்சிக்குப் பரங்கிமலைதான். சுமார் 300 அடி. 900 மீட்டர் ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட பத்து தடவை ஏறி இறங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா ஒரு சொம்பு கங்கை கேட்டிருக்கிறாள். வாய்ப் பக்கத்திலிருந்துதான் வேண்டும் என்றாள். வாய் இடிந்து விழுகிற இடம், ரொம்பக் கிட்டே போகக் கூடாது என்று விளக்கினேன். ஒன்பது மணிக்குத் திரும்புவதையும் சொன்னேன், அதற்குள் எட்ட முடியாமல் போனால்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்பரைச் சொன்னாள். கைலாயத்துக்குக் கிளம்பி, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் போன மனுஷனிடம், இந்த உடம்போடு உன்னால் முடியாது, திரும்பிப் போ என்றுதானே முனிவராக வந்த சிவன் சொன்னார்? அவருக்கு அந்தக் காட்சி கடைசியில் திருவையாற்றில் கிடைத்தது.

"போஜ்பாசாவுலயும் அதே தண்ணிதானே ஓடுது? அங்கேயே பிடிச்சுட்டு வா," என்றாள்.

ஷீட்டில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.