பேராக் இருப்புப் பாதையும் ஒருநாட் பயணமும்

விடுமுறை நாளில் ஈப்போவில் வண்டியேறித் தைப்பிங்கிலோ கம்பாரிலோ இறங்கி, ஊர் சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்புதல் இன்று எளிய செயல். இவ்வெளிமை நம்மவர்க்கு எளிதில் வாய்த்ததன்று.

மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885-ஆம் ஆண்டு சூன் 1-ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 8 மைல். லாருட் ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அப்பாதையை அமைத்தனர். பின்னர்த் தமிழகத்துத் தொழிலாளர் பாதை வேலையில் உழைத்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர்.

1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை பாதை இணைந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் பலர் இவ்வழியே ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்தம் முதல் இரயில் பயணம், திரும்பும் நாள் தெரியாத பயணம். விடியுமுன் பிரட்டில் நின்று, பால்மரம் சீவி, கங்காணிக்குக் கடன்பட்டு வாழ்ந்த ஒருவன், தான் விரும்பிய ஊருக்குச் சென்று அன்றே திரும்புதல் சிறு செய்தியன்று. கூலியாய் ஏற்றி வரப்பட்டவன், தன் காசில் சீட்டு வாங்கிப் பயணியாய் அமர்ந்த நாள் அது.

நம்மவரை இரயில்வே பயணிகளாக மதித்ததா என்று சிலர் வினவலாம். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் எனப்படுகிறது. பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை அங்கு நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் உண்டு. தண்டவாளம் போடுபவனுக்குப் பெயர்ப் பலகை வேண்டுவதில்லை. இறங்கும் ஊரைத் தேடும் பயணிக்கே அது வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த பயணிகள் இருந்தனர் என்பதற்கு அப்பலகையே சான்று.

ஈப்போ–துரோனோ கிளைப் பாதை சப்பானியர் ஆட்சியில் பெயர்த்தெடுக்கப்பட்டது. போர்ட் வெல்ட் பாதையும் மறைந்தது. தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். எனினும் மின்சார வண்டி தைப்பிங்கில் நிற்கிறது. அங்கிருந்து கோலா செப்பெத்தாங்குக்குச் சாலை வழியே சிறிது தொலைவே. ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவரை அழைத்துச் சென்று, அப்பலகையிலுள்ள தமிழை உரக்கப் படிக்கச் செய்வார்களாயின், பாடநூலில் ஒரு வரியாய் நிற்கும் வரலாறு அவர்தம் பாட்டன் கதையாகிவிடும்.