கபடியில் கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு எடுக்கலாமா?

தென்காசி மாவட்டம் ராயகிரி மாதிரியான ஊர்களில் கபடி ஆடும் இளைஞர்களுக்கு அடிக்கடி வரும் காயம், கணுக்கால் பிசகுவது. எண்ணெய் போட்டு உருவி சுளுக்கு எடுப்பது ஊர் வழக்கம். ஆனால், முதல் 2, 3 நாட்களுக்கு அது வேண்டாம் என்கிறது பிசியோதெரபி.

ஏன் கூடாது?

பாதம் உள்பக்கம் மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்பக்க தசைநார் இழுபடும், சில நேரம் கிழியும். உள்ளே ரத்தம் கசிந்து வீங்கும். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். எலும்பு முறிந்திருந்தால் இன்னும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* ஆட்டத்தை அப்போதே நிறுத்துங்க.
* வலி குறைய, ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்க.
* கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. விரல் மரத்தால் கட்டைத் தளர்த்துங்க.
* வலி குறையக் குறைய பாதத்தை மெதுவாக அசையுங்க. 1978-ல் 'ஓய்வும் ஐஸும்' முறையைச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, முழு ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்தலாம் எனப் பின்னர் மாற்றிக்கொண்டார்.

எப்போது எக்ஸ்ரே?

4 அடிகூட ஊன்றி நடக்க முடியலையா? கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்குதா? தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்க.

மறுபடி பிசகாமல் இருக்க?

ஒருமுறை பிசகிய கால் மறுபடியும் பிசக வாய்ப்பு அதிகம். வலி அடங்கியதும், தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்க. அந்தக் காலால் வலியில்லாமல் குதிக்க முடிந்த பிறகே களத்தில் இறங்குங்க.