மூலக்காட்டுக் கல்லறையும் கோபிநத்தம் கோயிலும்

கல்லறை பார்க்கப் போவது நம்ம பக்கம் அவ்வளவாக வழக்கம் இல்லை. பாரிஸில் பெர் லாஷெஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஷோபன் எங்கே, ஆஸ்கார் வைல்ட் எங்கே என்று தேடுவார்கள். கொல்கத்தாவில் 1767இல் தொடங்கிய பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கும் அப்படி ஆட்கள் வருகிறார்கள். நமக்குச் சமாதி என்றால் மெரினாதான்.

மேட்டூருக்கு வருகிறவர்கள் பூங்கா, பதினாறு கண் மதகு, பொரித்த மீன் என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சிலர் மட்டும் மூலக்காட்டுக்கு வழி கேட்பார்கள். அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய அந்த ஊரில்தான் வீரப்பனின் கல்லறை இருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். வீரப்பன் நல்லவரா கெட்டவரா என்று தமிழ்நாட்டு டீக்கடைகளில் போதுமான அளவு பேசியாகிவிட்டது. இந்தக் கல்லறை ஏன் இங்கே இருக்கிறது, வருகிறவர்களுக்கு அது என்ன சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஏன் இங்கே என்பதைப் பார்ப்போம். வீரப்பன் பிறந்தது கோபிநத்தத்தில். அது எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருக்கிறது. 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, கே. விஜயகுமார் தலைமையிலான தமிழ்நாட்டு அதிரடிப்படை அவரைச் சுட்டுக் கொன்றது. கூட இருந்த சேத்துக்குளி கோவிந்தன் உட்பட மூன்று பேரும் இறந்தார்கள். கோபிநத்தத்தில் சொந்தக்காரர்கள் அதிகம் மிச்சமில்லை. குடும்பத்துக்குத் தொடர்பு இருந்தது மூலக்காட்டில்தான். போலீஸ் உடலை எரிக்கத் திட்டமிட்டது, உறவினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அக்டோபர் 20 அன்று, ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருக்க, புதைத்தார்கள்.

எரிப்பதா புதைப்பதா என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். எரித்தால் சாம்பல் ஆற்றோடு போய்விடும். புதைத்தால் ஓர் இடம் மிஞ்சும், அந்த இடத்துக்கு ஆட்கள் வருவார்கள். அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும். 1931 மார்ச் 23 அன்று லாகூர் சிறையில் பகத் சிங்கையும் தோழர்கள் இருவரையும் தூக்கிலிட்ட பிரிட்டிஷ் அரசு, உடல்களை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் சட்லெஜ் கரையில் எரித்தது. 2011இல் அமெரிக்கா ஒசாமா பின் லேடனின் உடலைக் கடலில் இறக்கியது. ஆஸ்திரேலியாவில் 1880இல் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன் நெட் கெல்லியைச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். எலும்புகள் அடையாளம் காணப்பட்டு, குடும்பத்தார் முறைப்படி அடக்கம் செய்தது 2013இல்தான். இவர்களை ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் கல்லறை கூட்டம் சேர்க்கும் என்ற பயம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1882இல் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸை அவனுடைய அம்மா தன் பண்ணை வீட்டு முற்றத்திலேயே புதைத்தார். பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கினார். கல்லறை மேல் கிடந்த கூழாங்கல்லை 25 சென்ட்டுக்கு விற்றார். கல் தீர்ந்தால் ஓடையிலிருந்து அள்ளிவந்து போட்டுக்கொள்வாராம். மகனை இழந்த தாய்க்கு அது துக்கம், வருகிறவனுக்கு வேடிக்கை. ஒரே கல்லறை ரெண்டு வேலையும் செய்தது.

மூலக்காட்டிலும் அப்படித்தான். வருஷா வருஷம் அக்டோபர் 18 அன்று குடும்பத்தாரும் ஆதரவாளர்களும் வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒரு மனைவிக்கும் மகள்களுக்கும் அந்த உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் என்னைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்குத்தான். கல்லறைக்கு முன்னால் நின்றால் ஒரு மனிதனின் முடிவு மட்டும்தான் தெரியும். அவன் முடித்துவைத்தவர்களின் கதை அங்கே கிடையாது.

அந்தக் கதைக்குக் கொளத்தூரைத் தாண்டி, பாலாறு வழியாகக் கோபிநத்தம் வரை போகவேண்டும். 1993 ஏப்ரல் 9 அன்று இந்தப் பாலாறு பகுதியில்தான் கண்ணிவெடி வைத்து 22 பேரைக் கொன்றார்கள். போலீஸ்காரர்கள், வனத்துறை ஆட்கள், வழிகாட்டப் போன ஊர்க்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. கோபிநத்தத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைக் கட்டித் தந்தவர் பி. சீனிவாஸ் என்ற வனத்துறை அதிகாரி. ராஜமுந்திரிக்காரர். வீரப்பனின் சொந்த ஊருக்கே போய், வைத்தியம், குடிதண்ணீர் என்று ஊர்க்காரர்களுக்கு வேண்டியதைச் செய்து, துப்பாக்கி இல்லாமலே ஆட்களைச் சரணடைய வைக்கலாம் என்று நம்பியவர். சரணடைகிறேன் என்று வீரப்பன் சொல்லி அனுப்பியதை நம்பி, ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனார். 1991 நவம்பர் 10 அன்று அவரைச் சுட்டுத் தலையை வெட்டினார்கள். அரசு கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தம் மக்கள் அவர் படத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள்.

ரெண்டு ஊரையும் பார்த்தால் கணக்கு முடிந்துவிடுமா? முடியாது. வீரப்பனைத் தேடுகிறோம் என்று சொல்லி, ரெண்டு மாநில அதிரடிப்படையும் மலைகிராம மக்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார்கள் குவிந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. அந்த மக்களைத் தேடிக்கொண்டு யாரும் வழி கேட்டு வருவதில்லை.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பழைய முறை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த நடுகற்களைப் பாருங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக நிற்கவைத்திருக்கிறார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய ஆள், எந்தத் தொறுப்பூசலில், அதாவது எந்த மாட்டுச் சண்டையில் பட்டான் என்று கல்லிலேயே எழுதியிருக்கும். மாட்டை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு, கவர்ந்துகொண்டு போகும்போது பட்டவனுக்கும் உண்டு. அவன் என்ன செய்து செத்தான் என்பதைக் கல் மறைக்காது. கும்பிடுவதா வேண்டாமா என்பது படிக்கிறவன் பாடு.

மூலக்காட்டில் அந்த வாசகத்தை நாமேதான் எழுதிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். தாராளமாகப் போங்கள். போனால் அப்படியே பாலாறு தாண்டிக் கோபிநத்தத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். ஒரு நாளில் ரெண்டையும் பார்த்துவிடலாம்.