திங்களூரும் திருக்கழுக்குன்றமும்

பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், எங்கள் ஊர் கோச்சடையில் தாய்மார் டாக்டரைப் பார்த்த கையோடு முத்தையா சாமி கோயிலிலும் போய் நிற்பார்கள். "அய்யா, எம்புள்ள எந்திரிச்சு நடக்கணும், ஒனக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிர்றேன்" என்பதுதான் வேண்டுதல். பிள்ளை எழாமலே போய்விட்டால் அந்த அன்பும் நம்பிக்கையும் எங்கே போகும்? இரண்டு வீடுகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதல் வீடு பெரியபுராணத்தில் இருக்கிறது. திருவையாற்றை அடுத்த திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரைப் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் வைத்தவர். அப்பர் என்று அழைக்கப்படும் அந்த நாவுக்கரசரே ஒருநாள் விருந்தாக வந்தார். வாழையிலை அரியப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. சொன்னால் விருந்து தடைப்படும் என்று பையன் வாய் திறக்கவில்லை. ஓடிவந்து இலையைக் கொடுத்துவிட்டு விழுந்தான். பெற்றவர்கள் உடலைப் பாயில் வைத்து மூடி, முற்றத்தின் ஒரு பக்கம் மறைத்துவிட்டு, அப்பரைச் சாப்பிட அழைத்தார்கள்.

நடந்ததை அறிந்த அப்பர் பதிகம் பாட, பையன் எழுந்தான். அதற்குப் பின் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்வதுதான் என்னை உலுக்குகிறது. பெற்றோர் மகிழவில்லை, அடியார் அமுது செய்ய இவன் இடையூறாகிவிட்டானே என்று நொந்தார்கள். பக்தியின் உச்சம் என்று இதைப் பாராட்டுவார்கள். எனக்கோ அந்தத் தாயை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. மகன் கொடுத்த இலை கையில் இருக்க, அவளுக்கு அழவும் நேரமில்லை.

இரண்டாவது வீடு திருக்கழுக்குன்றத்தில். 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய 15 வயது ஹிதேந்திரனுக்குச் சென்னையில் மூளைச்சாவு உறுதியானது. தந்தை அசோகனும் தாய் புஷ்பாஞ்சலியும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இதயம் துடித்துக்கொண்டிருந்த மகனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். போலீசார் வழியை ஒழுங்குபடுத்த, இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போய் 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது அதன் பிறகுதான்.

இரண்டு வீட்டிலும் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு இன்னோர் உயிரை நினைத்தார்கள். திங்களூரில் விருந்தாளியின் பசி, இங்கே முகம் தெரியாத குழந்தையின் மூச்சு. பிள்ளை திரும்புவான் என்று தெரிந்து அப்பூதியடிகள் அதைச் செய்யவில்லை. அதனால் அற்புதத்தைவிட அவர் இலை போட்ட அந்த நேரமே எனக்குப் பெரிது. ஆனால் அவருக்குப் பிள்ளை கிடைத்தான். திருக்கழுக்குன்றத்தில் யாரும் பதிகம் பாட வரவில்லை. திரும்பமாட்டான் என்று தெரிந்தே கொடுத்த அந்தப் பெற்றோரின் அன்பையே நான் ஒரு படி மேலே வைப்பேன்.

நம் நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் வைத்து முதன்முதலாக அதைப் பேசுவது கொடுமை. இன்றே வீட்டில் பேசி வையுங்கள்.