ஆப்பிரிக்கக் கிராமங்களில் கல்வி: உதவி பெற்ற மாணவிகளே உதவுபவர்களாக மாறியது எப்படி?

புதுடெல்லி: சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிக்குச் செல்லாத குழந்தைகள் மற்றும் இளைஞர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 9.8 கோடி என யுனெஸ்கோ 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீடு தெரிவிக்கிறது. உலகம் முழுவதும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக மதிப்பிடப்பட்ட 24.4 கோடி பேரில் இது ஐந்தில் இரண்டு பங்காகும்.

ஏழைக் கிராமக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்தினால் மட்டும் போதுமா? படிப்பை முடித்தவர்கள் சொந்தக் காலில் நிற்பதற்கு வழி என்ன? அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வரும் இக்கேள்விகளுக்கு தான்சானியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வெவ்வேறு விதமாக விடை தேடப்பட்டது.

நைரேரேவின் தற்சார்புக் கல்வி

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே, 1967-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'தற்சார்புக்கான கல்வி' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டார். காலனி ஆட்சி விட்டுச்சென்ற கல்விமுறை, மேல்படிப்புக்குச் செல்லும் மிகச் சிலருக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது என்பது அவரது வாதம். தொடக்கப் பள்ளியுடன் படிப்பை நிறுத்தும் பெரும்பான்மையினருக்கு அது பயன் தரவில்லை என்றும் அவர் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு பள்ளியும் வயலையோ பட்டறையையோ நடத்த வேண்டும் என்பது அவரது தீர்வாக இருந்தது. மகாத்மா காந்தி 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்துடன் இது ஒப்பிடத்தக்கது.

தான்சானியாவில் எழுத்தறிவு கணிசமாக உயர்ந்தது. ஆனால், பல பள்ளிகளில் வயல் வேலை என்பது மாணவர்களின் கூலியில்லா உழைப்பாகச் சுருங்கியது. பிள்ளைகள் மாதச் சம்பளம் தரும் வேலைக்குச் செல்ல வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பமும் மாறவில்லை.

போட்ஸ்வானாவின் தொழிற்குழுக்கள்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்துத் தூதரகப் பணியைத் துறந்தவர் பேட்ரிக் வான் ரென்ஸ்பர்க். இவர் 1963-இல், இன்றைய போட்ஸ்வானாவின் செரோவே ஊரில் ஸ்வானெங் ஹில் பள்ளியைத் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காத சிறார்களுக்காக 1965-இல் கட்டுமானத் தொழிற்குழு ஒன்றை உருவாக்கினார். பின்னர் வேறு பல தொழில்களுக்கும் இத்தகைய குழுக்கள் அமைந்தன.

பயிற்சி பெறுவோர் கட்டிடம் கட்டியும் பொருள்களைச் செய்தும் ஈட்டிய வருவாயே பயிற்சிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது இக்குழுக்களின் அடிப்படை. இப்பணிக்காக 1981-ஆம் ஆண்டு அவருக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது வழங்கப்பட்டது. எனினும், பயிற்சியின் தரம், விற்பனை வருவாய் ஆகிய இரண்டையும் ஒருசேரக் காப்பது குழுக்களுக்குத் தொடர்ந்து சவாலாக இருந்தது.

ஜிம்பாப்வே: 32 மாணவிகளுடன் தொடக்கம்

பிரிட்டனைச் சேர்ந்த ஆன் காட்டன் 1991-இல் ஜிம்பாப்வேயின் மோலா பகுதிக்குச் சென்றார். கரீபா அணை கட்டப்பட்டபோது தங்கள் ஆற்றங்கரை நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட டோங்கா மக்கள் வாழும் பகுதி அது. மரபு வழக்கங்களால்தான் பெற்றோர் மகள்களைப் படிக்க வைப்பதில்லை என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. கிராமத்தினரிடம் பேசியபோது உண்மைக் காரணம் வறுமை என அவர் அறிந்தார். ஒரு பிள்ளைக்கு மட்டுமே கட்டணம் செலுத்த முடியும் என்ற நிலையில், வேலை கிடைக்க அதிக வாய்ப்புள்ள மகனையே குடும்பங்கள் தேர்ந்தெடுத்தன.

பிரிட்டன் திரும்பிய காட்டன், கேம்பிரிட்ஜ் நகரச் சந்தையில் கேக் விற்றும் நண்பர்களிடம் நிதி திரட்டியும் 1993-இல் 32 மாணவிகளின் படிப்புக்கு உதவினார். அதுவே 'கேம்ஃபெட்' அமைப்பின் தொடக்கம். இவ்வமைப்பு ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளில் செயல்பட்டு வருகிறது.

தேர்வு செய்வது யார்?

உதவி பெறும் மாணவிகளை வெளியூர் அலுவலகம் முடிவு செய்வதில்லை. பெற்றோர், ஆசிரியர்கள், ஊர்த் தலைவர்கள், மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஆகியோர் இடம்பெறும் உள்ளூர்க் குழுக்கள், மிகவும் நலிந்த குடும்பங்களை அடையாளம் காண்கின்றன. எந்த வீட்டில் தாய் தந்தை இல்லை, எந்தக் குழந்தை காலை உணவின்றி வருகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. கட்டணத்துடன் சீருடை, காலணி, எழுதுபொருள், மாதவிடாய்க் கால அணையாடை ஆகியவையும் உதவியில் அடங்கும். பல பள்ளிகளில் தாய்மார் குழுக்கள் மதிய உணவு சமைத்து வழங்குகின்றன.

பள்ளி முடிந்த பின்...

பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவி, வேலையும் முதலும் இன்றிக் கிராமத்துக்குத் திரும்பும் காலமே மிகவும் நெருக்கடியானது. இளவயதுத் திருமணம், நகரத்தில் குறைந்த கூலிக்கு வீட்டுவேலை ஆகியவையே பலருக்கு எஞ்சும் வழிகளாக உள்ளன. இந்த இடைவெளியை நிரப்புவதற்காக, முதலில் படித்து முடித்த மாணவிகள் 1998-இல் ஜிம்பாப்வேயில் முன்னாள் மாணவியர் சங்கத்தை உருவாக்கினர். இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினர்களாக உள்ளனர்.

உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் 'கற்றல் வழிகாட்டி'களாகத் தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கே திரும்புகின்றனர். ஊதியமின்றி வாழ்வியல் திறன் பாடங்களை நடத்தும் இவர்கள், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்று பேசுகின்றனர். இதற்கு ஈடாக அவர்களுக்குத் தொழில் தகுதிச் சான்றிதழ் பெறும் வாய்ப்பும், சிறுதொழில் தொடங்க வட்டியில்லாக் கடனும் கிடைக்கின்றன. 'கீவா' என்ற இணையவழிக் கடன் அமைப்பு மூலம் வழங்கப்படும் இக்கடனுக்கு, பள்ளியில் ஆற்றும் சேவையே வட்டியாகக் கொள்ளப்படுகிறது. கோழி வளர்ப்பு, தையல், காய்கறிச் சாகுபடி எனத் தொழில் தொடங்கியவர்கள், தங்கள் வருவாயிலிருந்து வேறு பிள்ளைகளையும் படிக்க வைக்கின்றனர்.

வேளாண்மையில் பயிற்சி பெற்ற உறுப்பினர்கள், வறட்சியைத் தாங்கும் சாகுபடி முறைகளைப் பெண் விவசாயிகளுக்குக் கற்பிக்கின்றனர். இப்பணிக்காகக் கேம்ஃபெட் அமைப்பு 2019-இல் ஐ.நா.வின் பருவநிலை நடவடிக்கை விருதைப் பெற்றது.

தொடக்கக் காலத்தில் உதவி பெற்ற ஜிம்பாப்வே மாணவிகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வா, 2023-இல் இந்த அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரியானார். இவருக்கும் லூசி லேக்குக்கும் 2020-ஆம் ஆண்டின் யிடான் கல்வி மேம்பாட்டுப் பரிசு வழங்கப்பட்டது.

கட்டணம் நீங்கினாலும் செலவு நீங்கவில்லை

அரசுகளும் கல்விக் கட்டணத்தைப் படிப்படியாக நீக்கி வருகின்றன. மலாவி 1994-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. தான்சானியா 2016-இல் கீழ்நிலை உயர்நிலைக் கல்விக்கும், கானா 2017-இல் மேல்நிலைக் கல்விக்கும் கட்டணத்தை ரத்து செய்தன. ஜாம்பியா 2022 முதல் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வி வரை இலவசம் என அறிவித்தது.

இதனால் மாணவர் சேர்க்கை பெருகியது; வகுப்பறைகளும் ஆசிரியர்களும் அதே வேகத்தில் பெருகவில்லை. கிராமங்களில் உயர்நிலைப் பள்ளிகள் தொலைவில் இருப்பதால், மாணவிகள் பள்ளியருகே வாடகை அறையில் தாங்களே சமைத்துத் தங்கிப் படிக்க நேர்கிறது. உணவு, வாடகை, சீருடை ஆகிய செலவுகளைக் கட்டண விலக்கு ஈடுசெய்வதில்லை. கருவுற்ற மாணவிகள் பள்ளியிலிருந்து நீக்கப்படும் நிலை தான்சானியாவில் 2021 நவம்பர் வரை நீடித்தது. அதன் பின்னரே மகப்பேற்றுக்குப் பின் அவர்கள் மீண்டும் படிக்க அந்நாட்டு அரசு அனுமதித்தது.

ராஜஸ்தானில் பயின்ற ஆப்பிரிக்கப் பெண்கள்

பள்ளி வயதைக் கடந்த கிராமப் பெண்களின் தற்சார்புக்கு இந்தியாவும் பங்களித்துள்ளது. ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தின் திலோனியாவில் பங்கர் ராய் 1972-இல் நிறுவிய 'பேர்ஃபுட் கல்லூரி', பல ஆப்பிரிக்க நாடுகளின் பெண்களுக்கு ஆறு மாத சூரியமின் பயிற்சியை அளித்துள்ளது. அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆசிரியரின் மொழியும் அவர்களுக்குப் புதிது. எனவே நிறக் குறியீடுகளும் சைகைகளும் செய்முறையுமே பாடமாயின. ஊர் திரும்பிய பெண்கள் வீடுகளுக்குச் சூரிய விளக்குகளைப் பொருத்திப் பராமரிக்கின்றனர். இந்திய அரசின் ஐடெக் திட்டம் இப்பயிற்சிக்கு நிதியுதவி அளித்தது.

எஞ்சியுள்ள சவால்கள்

வெளிநாட்டு நிதியின் நிலையற்ற தன்மை 2025-இல் வெளிப்படையானது. அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அமைப்பு மூடப்பட்டதால் ஆப்பிரிக்காவில் பல கல்வித் திட்டங்கள் பாதியில் நின்றன. உள்ளூர்க் குழுக்களையும் முன்னாள் மாணவியரையும் கொண்ட கட்டமைப்பு, நிதி குறையும் காலத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்க முடியும். ஆனால், ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்கவோ புதிய வகுப்பறைகளைக் கட்டவோ அத்தகைய குழுக்களால் இயலாது. அது அரசுகளின் பொறுப்பாகும்.

தொழில் தொடங்கும் அனைவரும் வெற்றி பெறுவதுமில்லை. மழை பொய்த்தால் காய்கறித் தோட்டமும் கோழிப்பண்ணையும் நலிவடையும். கடன் மட்டும் நிற்கும். எனவே, படிப்பை முடித்தவருக்குத் தொழில் முதலுடன் சந்தை வசதியும், இழப்பு நேர்ந்தால் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடும் தேவைப்படுகின்றன. பள்ளிக் கட்டணத்துக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள், படிப்பு முடிந்த பிந்தைய சில ஆண்டுகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பதே இந்நாடுகளின் அனுபவம் உணர்த்தும் பாடமாகும்.